மலைக்காட்டிலும் அணைக்கரையிலும் சரளைப் பாதை: போட்டவர் யார் என்று முதலில் கேளுங்கள்

மலைக்காடுகளில் ஓடும் சரளைப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்காகப் போடப்பட்டவை அல்ல. வெட்டிய மரத்தை இறக்க, காட்டுத்தீயை மறிக்க, மின்கம்பிகளைப் பார்த்துவர, அணை கட்ட கல்லும் சிமென்டும் ஏற்ற, கட்டி முடித்த அணையைக் கண்காணிக்க என்று வேறு வேறு வேலைகளுக்காகப் போட்டவை. எந்த வண்டிக்காக ஒரு பாதை போடப்பட்டது என்று தெரிந்தால், அதன் சரிவு எவ்வளவு, கல் எவ்வளவு பெரிது, எங்கே போய் நிற்கும், மழையில் என்ன ஆகும் என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே பெருமளவு ஊகித்துவிடலாம். டயர், கியர், நேரக்கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். சைக்கிளை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற பாதையைத் தேடுவது தலைகீழ் வேலை.

சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டும் இந்த விளையாட்டு, அதாவது கிராவல், வளர்ந்த விதமும் அப்படித்தான். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா ஊரிலிருந்து 2006இல் 200 மைல் போட்டி ஒன்று தொடங்கியது. இன்று அதன் பெயர் அன்பவுண்ட் கிராவல். அதற்கென்று யாரும் புதிதாகப் பாதை போடவில்லை. பண்ணைகளுக்கு நடுவே ஏற்கெனவே கிடந்த சரளைச் சாலைகளையே இணைத்தார்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் சரளைப் பாதைக்கென்றே ஜிஆர்எக்ஸ் பாகங்களை வெளியிட்டது 2019இல். சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப் போட்டியை இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடத்தியது 2022இல். பாதைகள் முந்தி, கருவிகளும் விதிகளும் பிந்தி.

பாதைகளின் பிறப்பு

மலைக்காட்டுப் பயணத்தின் பெரும்பகுதி மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட சாலையில்தான் கழியும். முழுச் சுமையோடு 40 டன்னை நெருங்கும் லாரி ஏறி இறங்க வேண்டும் என்பதால், சரிவை வழக்கமாக 10 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். சில குறுகிய துண்டுகளில் மட்டும் 12 சதவீதமோ சற்றுக் கூடுதலோ வரும். வளைவுகள் அகலமானவை. ஆகவே ஏற்றம் நீளமாக, ஒரே சீராக இருக்கும். 300 மீட்டர் உயரத்தை 7 சதவீதச் சரிவில் ஏற 4.3 கி.மீ. ஓட்ட வேண்டும், மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் அது அரை மணி நேர வேலை. நடுவில் மூச்சு வாங்கச் சமதளம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தச் சாலையின் குறுக்குவெட்டைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அடியில் பெரிய கல், அதன்மேல் கிரஷர் தூளோடு கலந்த சிறு ஜல்லி, நடுவில் லேசான மேடு, மலைப்பக்கத்தில் வடிகால், இடையிடையே சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் குழாய்கள். தூள்தான் ஜல்லியைப் பிடித்து வைக்கும் பசை. உருளையால் இறுக்கிய புதிய மேற்பரப்பில் சைக்கிள் ஏறத்தாழ தார்ச்சாலையில் போவதுபோல் ஓடும். லாரிச் சக்கரங்களும் மழையும் தூளை வெளியேற்றிவிட்டால் கல் மட்டும் மிஞ்சி, சக்கரத்துக்கு அடியில் உருளத் தொடங்கும். மரவெட்டு தொடங்குவதற்கு முன்பு சாலையைப் பலப்படுத்த 40 முதல் 75 மி.மீ. வரையுள்ள ஜல்லியைக் கொட்டுவார்கள். லாரிகள் அதை மிதித்து இறுக்கும்வரை குறுகிய டயருக்கு அது நரகம். போன வருடம் ஒருவர் பதிவு செய்த பாதை இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது சிக்கல் கிளைச் சாலைகள். மரம் வெட்டும் இடம்வரை போய், மரக்கட்டைகளை அடுக்கும் களத்தில் இவை நின்றுவிடும். வரைபடத்தில் இரண்டு கிளைகளின் நுனிகள் 300 மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கும்; இணைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். இடையில் இருப்பது மரக்குற்றிகள், குவிந்த கிளைகள், தண்ணீர் நிற்கும் உழவுச் சால்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்த 300 மீட்டரைக் கடக்க அரை மணி நேரம்கூட ஆகும்.

தீத்தடுப்புக் கோடும் மின்கம்பித் தடமும் வேறு சாதி. இரண்டுமே சரிவைப் பார்ப்பதில்லை. மலைமுகட்டின்மேல் நேராக ஏறும். 20, 25 சதவீதம் சாதாரணம். புல்டோசரால் சுரண்டியதோடு சரி, ஜல்லி கிடையாது, வடிகால் கிடையாது. மழைநீர் நடுவிலேயே ஓடி முழங்கால் ஆழத்துக்கு ஓடை அறுத்துவிடும். வரைபடத்தில் காட்டுக்கு நடுவே அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு தடம் தெரிந்தால், அதை மாற்று வழியில்லாத இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அணைகள் தம் பங்குக்கு இரண்டு வகைச் சாலைகளைத் தருகின்றன. ஒன்று கட்டுமானத் தடம். வேல்ஸின் எலான் பள்ளத்தாக்கில் பர்மிங்காம் நகரத்தின் குடிநீருக்காக 1893க்கும் 1904க்கும் இடையில் அணைகள் கட்டப்பட்டன. கல் ஏற்றிச் செல்லப் போட்ட ரயில் தடத்தின்மேல் இன்று சைக்கிள் பாதை ஓடுகிறது. ரயில் எஞ்சின் ஏறக்கூடிய சரிவு என்பதால் எந்தச் சைக்கிளும் ஏறும். இரண்டாவது வகை, மூழ்கிய ஊர்களின் சாலைகள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் பகுதிக்குத் தண்ணீர் தரும் குவாபின் நீர்த்தேக்கத்துக்காக டேனா, என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்கள் 1938இல் சட்டப்படி கலைக்கப்பட்டன. அந்த ஊர்களின் பழைய சாலைகள் இன்றும் காட்டுக்குள் ஓடுகின்றன. பல சாலைகள் மெல்ல இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. வண்டிக்காலத்துச் சாலை என்பதால் சரிவு இதமாக இருக்கும். ஆனால் எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. பழைய வரைபடத்தை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் நீர்விளிம்பின் உயரக்கோட்டை மேலே வரைந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றி வருவது ஏன் சமதளமல்ல

தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கிறது, கரையோரம் போகும் பாதையும் மட்டமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர் எதிர். அணை எழுப்பியபோது தண்ணீர் ஒவ்வொரு துணை ஓடையின் பள்ளத்துக்குள்ளும் விரல்விரலாக நுழைந்து நிற்கும். ஒரே உயரத்தில் பாதை போட்டால் ஒவ்வொரு விரலின் நுனிவரை உள்ளே போய் வெளியே வர வேண்டும். நீளம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். அதனால் சாலை போட்டவர்கள் இரண்டு விரல்களுக்கு நடுவே உள்ள மலைமூக்கில் ஏறி மறுபக்கம் இறங்கிவிடுவார்கள். ஒவ்வொரு மூக்குக்கும் 40 மீட்டர் ஏற்றம், 50 கி.மீ. வளையத்தில் அப்படி 20 மூக்குகள் என்றால் மொத்தம் 800 மீட்டர். ஒரு நல்ல மலை ஏறுவதற்குச் சமம். ஆனால் உச்சியும் கிடையாது, நீண்ட இறக்கமும் கிடையாது. இருபது முறை நின்று போவதைப்போன்ற முயற்சி தொடைகளை வேறு விதமாகக் கரைக்கும்.

இங்கிலாந்தின் வடக்கிலுள்ள கீல்டர் நீர்த்தேக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொள்ளளவில் பிரிட்டனின் மிகப் பெரிய செயற்கை ஏரி அது, 1982இல் திறக்கப்பட்டது. கரையைச் சுற்றி ஏறத்தாழ 42 கி.மீ. நீளத்துக்கு லேக்சைடு வே என்ற பாதை போட்டிருக்கிறார்கள். இது நடப்பவர்களையும் சைக்கிள்களையும் நினைத்தே போட்ட பாதை, மேற்பரப்பு இறுகியது. அப்படியிருந்தும் ஓயாமல் ஏறி இறங்கும். அதே நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டின் லாரிச் சாலைகளில்தான் டர்ட்டி ரீவர் என்ற 200 கி.மீ. சரளைப் பயணம் நடக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு வகைப் பாதைகள். ஒன்றில் பழகிய உடல் மற்றதற்குத் தயார் என்று எண்ணிவிடக் கூடாது.

வளையம் முழுமையாகுமா என்பதை இரண்டே இடங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று அணை. அதன் மேல்தளத்தில் போக அனுமதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் அணையின் அடிவாரம்வரை இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். 60 மீட்டர் உயர அணை என்றால் 60 மீட்டர் இறக்கமும் அதே அளவு ஏற்றமும், பெரும்பாலும் செங்குத்தான பராமரிப்புச் சாலையில். கலிங்கு வழியும் பருவத்தில் அடிவாரத்துத் தாழ்பாலம் மூழ்கியிருக்கலாம். மற்றொன்று ஆறு உள்ளே வரும் தலைப்பகுதி. வண்டல் படிந்து சதுப்பாக இருக்கும். பாலம் பல கி.மீ. மேலே தள்ளி இருக்கும். திட்டம் போடும்போது இந்த இரண்டு இடங்களையும் முதலில் உறுதி செய்யுங்கள். நடுவில் எது கெட்டாலும் சமாளிக்கலாம்; இவை அடைபட்டால் வந்த வழியே முழுத் தூரமும் திரும்ப வேண்டும்.

நீர்மட்டம் இறங்கிய காலத்தில் வெளியே தெரியும் பரந்த கரை ஆசை காட்டும். மேலே காய்ந்து வெடித்த படலம், கீழே மாதக்கணக்கில் ஊறிய வண்டல். சைக்கிளோடு இறங்கினால் அச்சுவரை புதையும், ஆளுக்கும் ஆபத்து. உறுதியான பழைய சாலைத்தளம் கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய அங்கே இறங்கக் கூடாது.

வரைபடம் காட்டாதவை

பயனர்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் காட்டுத் தடங்களுக்கு ஒன்று முதல் ஐந்துவரை தரம் குறித்திருப்பார்கள். முதல் தரம் நன்றாக இறுகிய தளம். மூன்றாவது கல்லும் மண்ணும் கலந்தது. ஐந்தாவது வெறும் மண்ணும் புல்லும். சுமை ஏற்றாத கிராவல் சைக்கிளுக்கு முதல் மூன்று தரங்கள் சரி. நான்காவதை உலர்ந்த காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் தரம் குறித்தவர் எந்த மாதத்தில், எந்த வண்டியில் போனார் என்பது பதிவில் இருக்காது. அதனால் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும்: வெளிர்நிறத்தில் ஒரே அகலத்தில் தொடரும் கோடு ஜல்லி போட்ட சாலை, இரண்டு சக்கரத் தடங்களும் நடுவில் பச்சையும் தெரிந்தால் எப்போதாவது வண்டி போகும் தடம், மரக்கூரைக்குள் மறைந்துபோனால் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உயரக் கணக்கிலும் பொறி உண்டு. பல பாதைத் திட்டச் செயலிகளின் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் என்டவர் விண்வெளி ஓடம் ரேடாரால் பூமியை அளந்த எஸ்ஆர்டிஎம் திட்டத்திலிருந்து வருவது. அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரையைத் தொடாமல் மரக்கூரையிலேயே பெருமளவு திரும்பிவிட்டது. விளைவு, மரம் வெட்டிய வெளிக்கும் நின்ற காட்டுக்கும் இடையே இல்லாத ஒரு படி தோன்றும். சாலை அந்த எல்லையை ஒட்டிப் போனால் செயலி பொய்யான ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகும். நீர்த்தேக்கத்தின் கைகளைக் கடக்கும் உயரமான பாலங்களில் வேறு பிழை: பாலத்தின் உயரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் உயரத்தை எடுத்துக்கொண்டு, 30 சதவீத இறக்கமும் ஏற்றமும் காட்டும். சரிவு வரைபடத்தில் ஊசி முனைபோல் ஒரு பள்ளம் தெரிந்தால், அங்கே பாலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரத்தைக் கணிக்க, தார்ச்சாலையில் மணிக்கு 25 கி.மீ. ஓட்டுபவர் இறுகிய சரளையில் 19 அல்லது 20, மேடு பள்ளமான காட்டுச் சாலையில் 13 முதல் 15 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 80 கி.மீ. பாதைக்கு ஓட்டும் நேரம் மட்டும் ஆறு மணி ஆகலாம். காட்டில் மரநிழல் அடர்த்தி என்பதால் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே தரையிலுள்ள கல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். திரும்பும் நேரத்தை அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

டயரும் காற்றும்

கையில் உள்ள பணத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியும் என்றால் டயரை மாற்றுங்கள். லாரிச் சாலைகள் மிகுந்த மலைக்காட்டுக்கு 45 மி.மீ. நல்ல தொடக்கம். புதிய ஜல்லியும் வேர்களும் அதிகம் என்றால் 50. இறுகிய அணைக்கரைப் பாதை மட்டும் என்றால் 38 அல்லது 40 போதும்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்று வைத்துக்கொண்டால், காற்றழுத்தத்தை 40 மி.மீ.க்கு முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐ; 45க்கு 27, 30; 50க்கு 23, 26 என்று தொடங்கலாம். பையும் சாமானும் சேர்ந்து எடை 10 கிலோ கூடினால் பின் சக்கரத்துக்கு 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள். சரியா என்று அறிய ஒரு சோதனை: கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் பயணத்தில் ஓரிரு முறைக்கு மேல் கேட்டால் காற்று குறைவு, கல்மேல் சக்கரம் துள்ளித் துள்ளி விலகினால் அதிகம். காற்றை வீட்டில் பிடித்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள் வெப்பநிலையையும் நினைக்க வேண்டும். வெப்பம் 20 பாகை செல்சியஸ் குறைந்தால் 30 பிஎஸ்ஐ டயரில் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறையும். மேலே சொன்ன அளவுகளில் அந்த 3 ரிம்மைக் காப்பாற்றும் வித்தியாசம்.

டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 45 மி.மீ. டயருக்கு 80 முதல் 90 மில்லி. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திறந்தோ குச்சியை விட்டோ பார்க்க வேண்டும். வெப்பமான இடத்தில் அதற்கு முன்பே காய்ந்துவிடும். பஞ்சரே ஆகவில்லை என்று ஒரு வருடம் ஓட்டுபவரின் டயருக்குள் பெரும்பாலும் ரப்பர் தோல் மட்டும் இருக்கும். முள் குத்தினால் சீலன்ட் தானே அடைக்கும். 3, 4 மி.மீ. ஓட்டைக்கு ரப்பர் திரியைச் செருக வேண்டும். கூரிய ஜல்லி பக்கச்சுவரைக் கிழித்தால் இரண்டுமே நிற்காது. டயருக்குள் உறுதியான ஒட்டுத்துண்டை வைத்து, டியூப்பைப் போட்டு ஓட்ட வேண்டும். அதற்காகத்தான் டியூப்லெஸ் வைத்திருப்பவர்களும் டியூப் இரண்டு எடுத்துப் போக வேண்டும் என்பது. டியூப் போடும் முன்பு டயரின் உட்பக்கத்தைத் தடவி, சீலன்ட் பிடித்து வைத்திருந்த பழைய முட்களைப் பிடுங்கி எறியுங்கள். இல்லாவிட்டால் புதிய டியூப் அடுத்த திருப்பத்தில் போய்விடும். கரியமில வாயு உருளையால் காற்றடித்தால் லேடெக்ஸ் சீலன்ட் பல நேரம் திரிந்து கட்டியாகும். கைப்பம்பு மெதுவானாலும் நம்பகமானது.

கியர்

10 சதவீதச் சரிவுக்குத் திட்டமிட்டாலும் 12க்குக் கணக்குப் போடுங்கள். மொத்த எடை 90 கிலோ, சரிவு 12 சதவீதம், தளர்ந்த சரளையின் உருள்தடை ஏறத்தாழ 2 சதவீதம். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏறவே ஏறத்தாழ 200 வாட் வேண்டும். முன்னால் 40 பல், பின்னால் 44 பல் என்றால் அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 50 சுற்று. முன்னால் 30, பின்னால் 36 என்றால் 55. முன்னால் 40, பின்னால் 52 என்றால் 59. வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். 50 சுற்றில் ஒவ்வொரு மிதியும் கனமாக விழும். கனமாக மிதித்தால் பின் சக்கரம் சரளையில் வழுக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரத்தின் மேலுள்ள எடை குறைந்து இன்னும் வழுக்கும். உட்கார்ந்தபடி, மார்பைத் தாழ்த்தி, சீராகச் சுற்ற முடிகிற கியர்தான் சரளை ஏற்றத்தில் உங்களைச் சைக்கிளில் வைத்திருக்கும். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் 1ஐவிடக் குறைந்த விகிதம் கட்டாயம் வேண்டும். சாமான் ஏற்றினால் 0.8க்குக் கீழே.

காட்டுக்கே உரிய ஒரு சேதம், செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் பின் டெரெய்லரில் நடக்கிறது. தரையில் கிடக்கும் குச்சி ஆரக்கம்பிகளுக்குள் சிக்கி, சுழன்று வந்து டெரெய்லரை இழுக்கும். கடகட சத்தம் கேட்ட நொடியில் பெடலை நிறுத்திவிடுங்கள். இன்னொரு சுற்று மிதித்தால் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் முறியும். ஹேங்கர் சட்டகத்துக்குச் சட்டகம் வேறுபடுவதால் உங்கள் சைக்கிளுக்கானதையே ஒன்று பையில் வையுங்கள். செயின் பிரிக்கும் கருவியும் இணைப்புக் கண்ணி இரண்டும் அதோடு.

அலைத்தடமும் இறக்கமும்

சரளைச் சாலையின் குறுக்கே வரிவரியாக விழும் அலைகளைச் சாலை போட்டவரின் குறை என்று பலர் திட்டுவார்கள். நிக்கோலா டபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வைன் ஆகியோர் சுழலும் மணல் தட்டின்மேல் சக்கரத்தை உருட்டிச் செய்த சோதனையை 2007இல் வெளியிட்டார்கள். சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாவிட்டாலும், மணல் இறுகாவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சமமான பரப்பில் அலை தானாகவே பிறக்கிறது என்று அதில் தெரியவந்தது. தண்ணீரில் சில்லெறியும்போது கல் தத்திப்போகும் இயக்கத்தோடு அவர்கள் அதை ஒப்பிட்டார்கள். நமக்குப் பயன்படும் முடிவு இது: வண்டிகள் வேகம் கூட்டும், குறைக்கும் இடங்களில் அலை அதிகம். அதாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், சந்திப்புகளில், ஏற்றம் தொடங்கும் இடத்தில். சைக்கிளில் நீங்கள் பிரேக் பிடிக்க நினைக்கும் இடமும் அதுவேதான்.

ஆகவே வளைவுக்கு 20, 30 மீட்டர் முன்பே, அலை தொடங்கும் முன், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். அலைமேல் டயர் பாதி நேரம் காற்றில் இருக்கும். காற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. லாரிச் சக்கரம் படாத ஓர விளிம்பில் அலை பெரும்பாலும் மெலிந்திருக்கும், ஆனால் அங்கே தளர்ந்த கல் குவிந்திருக்கும். இரண்டில் எது தேவலை என்று பார்த்துப் போக வேண்டும். கைகளை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கை மடக்கி, ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியில் இரண்டு விரலால் பிரேக்கைத் தொட்டபடி இறங்குங்கள்.

கைவிட்ட லாரிச் சாலைகளில் மழைநீரைத் திருப்பக் குறுக்கே வெட்டிய வாய்க்காலும் வரப்பும் இருக்கும். மேலேயிருந்து பார்க்கும்போது வரப்பு மறைத்துவிடும். அதன் பின்னால் இருக்கும் பள்ளம் சக்கரத்தை விழுங்கும். ஒன்று கண்ணில் பட்டால் அதே இடைவெளியில் இன்னும் பல வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரக் காட்டில் பிரேக் பேட் வேகமாகத் தேயும். கல்தூளும் தண்ணீரும் சேர்ந்து ரெசின் பேடுகளை ஒரே நாள் மழைப்பயணத்தில் முழுதாகத் தின்றுவிடக்கூடும். உலோகம் கலந்த பேடு சத்தம் போடும், ஆனால் தாங்கும். எதுவானாலும் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும். அலைத்தடத்தின் அதிர்வில் தண்ணீர் பாட்டில் தாங்கியின் திருகுகள் கழலும். பயணத்துக்கு முன்னும் நடுவிலும் கையால் ஒருமுறை பாருங்கள்.

சேறு

சரளை என்று பெயர் இருந்தாலும் பல பாதைகளின் நடுநடுவே களிமண் துண்டு வரும். உலர்ந்தால் அருமை, நனைந்தால் டயரில் ஒட்டி, சட்டகத்தில் அடைத்து, பத்தே மீட்டரில் சக்கரம் நின்றுவிடும். 2023 அன்பவுண்ட் போட்டியில் தொடக்கத்திலேயே வந்த சேற்றுத் துண்டில் உலகின் முன்னணி வீரர்கள்கூடச் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். பலருடைய டெரெய்லர்கள் முறிந்தன. அங்கே தப்பித்தவர்கள் முதலிலேயே இறங்கியவர்கள். டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே இரு பக்கமும் 6 மி.மீ. என்பது குறைந்தபட்ச இடைவெளி. சேற்றுக்கு 10 இருந்தால் நல்லது. சட்டகம் கொள்ளும் மிகப் பெரிய டயரைப் போடுவது உலர்ந்த காலத்துக்கே சரி. சேறு ஒட்டத் தொடங்கியதும் உருட்டாதீர்கள், தூக்குங்கள், அல்லது ஓரப் புல்லில் நடங்கள். மரநிழலில் சாலை காய, வெட்டவெளியைவிடப் பல நாட்கள் கூடுதலாகும். பனி உறைந்து உருகும் நாடுகளில் வசந்தத்தின் தொடக்கத்தில் மேல்மண் உருகி, அடிமண் உறைந்தே இருப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் சாலையே கூழாகும். அந்த வாரங்களில் ஓட்டினால் பாதைக்கும் சேதம்.

குடிநீர்

சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் சுமை குறையும் என்பது பாதி உண்மைதான். தேங்கிய தண்ணீரில் வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகும். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, கைவடிகட்டியும் அதை நம்பத்தக்க விதத்தில் பிடிக்காது. பச்சைச் சாயம் கொட்டியதுபோல் கரையோரம் படலம் தெரிந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். நீர்த்தேக்கத்தை விட்டு, அதில் வந்து விழும் ஓடைகளில், சாலைக்கு மேல்பக்கத்தில் பிடியுங்கள். ஓடைநீரில் குடலைத் தாக்கும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியாவும் கிரிப்டோஸ்போரிடியமும் இருக்கலாம், 0.1 அல்லது 0.2 மைக்ரான் வடிகட்டி இரண்டையும் நிறுத்தும். குளோரின் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியத்தைக் கொல்லும் என்று நம்ப முடியாது. இழை வடிகட்டி உள்ளே ஈரத்தோடு உறைந்தால் கிழிந்துவிடும், வெளியே தெரியாது. குளிர் இரவில் அதை உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 500 முதல் 750 மில்லி என்று கணக்கிட்டு, இரண்டு ஓடைகளுக்கு நடுவே உள்ள நேரத்தால் பெருக்குங்கள்.

லாரிகள், கதவுகள், மண்

வெட்டு நடக்கும் நாட்களில் அந்தச் சாலை லாரிக்காரருடையது. சுமையோடு இறங்கும் லாரியால் சட்டென நிற்க முடியாது. வளைவில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். காதில் இசை வேண்டாம். தூசி மேகம் தெரிந்தாலோ எஞ்சின் சத்தம் கேட்டாலோ வளைவுக்கு வெளியே, பார்வைக்குத் தெரியும் இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். ஒன்று போனதும் உடனே ஏறிவிடாதீர்கள். பின்னாலேயே இன்னொன்று வரலாம்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டின் விதிகள் மற்றக் காடுகளைவிடக் கடுமை. தண்ணீர் சுத்திகரிப்பின் முதல் கட்டமே அந்தக் காடுதான். குவாபினின் தண்ணீர் வடிகட்டாமலே குழாய்களுக்குப் போகிறது. அதனால் அங்கே எண்ணிட்ட வாயில்கள் பல இருந்தும், குறித்த சாலைகளில் மட்டுமே சைக்கிளுக்கு அனுமதி. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குக் கிழக்கே உள்ள மலைகளில், நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அணை நீர்விளிம்பிலிருந்து 2 கி.மீ. வரை காப்பு வளையமாக வைத்து, மக்கள் நடமாட்டத்தை மிகவும் கட்டுப்படுத்துகிறார்கள். அந்த மலைகளின் வழியாகத்தான் முண்டேரிங்கிலிருந்து ஆல்பனிவரை ஏறத்தாழ 1,000 கி.மீ. நீளும் முண்டா பிட்டி சைக்கிள் பாதை போகிறது. அதன் தரையில் பல இடங்களில் பட்டாணி அளவில் உருண்டையான செம்புறைக் கற்கள் கிடக்கின்றன. முன் சக்கரத்தைத் திடீரென்று திருப்பினால் அது அப்படியே நழுவும். திருப்புவதைக் குறைத்து, சைக்கிளை நேராக வைத்து, வேகத்தை முன்கூட்டியே விட்டுவிடுவதுதான் வழி.

அதே காட்டில் ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்ற கிருமி மரங்களின் வேரை அழுகவைத்து, காட்டுத் துண்டுகளையே சாகடிக்கிறது. ஈரமண்ணோடு டயரிலும் காலணியிலும் ஒட்டிப் பரவும். நோய் பரவிய இடம் கண்ணால் அடையாளம் காண முடியாதது என்பதால், ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் டயர், பெடல், சட்டகத்தின் அடிப்பக்கம், காலணியின் அடி ஆகியவற்றிலுள்ள மண்ணை உலர்ந்த பிரஷ்ஷால் முழுதாகத் தேய்த்து உதிருங்கள். அதன்பிறகு 70 சதவீத மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தெளியுங்கள். மண் கட்டி இருக்கும்போது தெளித்தால் உள்ளே இருக்கும் கிருமி சாகாது. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதானால் அந்தத் தண்ணீர் ஓடைக்கோ சாலையின் வடிகாலுக்கோ போகாத இடத்தில் கழுவுங்கள்.